வில்ட் சேம்பர்லின்: இரண்டு ட்ரேட், மூன்று அணி, தலைகீழாக மாறிய கணக்கு

1968 ஜூலை மாதம். அந்த சீசனின் சிறந்த வீரருக்கான எம்.வி.பி. விருதை வாங்கியவரை, விருதின் சூடு ஆறுவதற்குள் ஃபிலடெல்பியா செவன்டி சிக்ஸர்ஸ் அணி லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸுக்குக் கொடுத்துவிட்டது. பதிலுக்கு வந்தவர்கள் மூன்று பேர்: டேரல் இம்ஹாஃப், ஆர்ச்சி கிளார்க், ஜெர்ரி சேம்பர்ஸ். நடப்பு எம்.வி.பி. ஒருவர் அணி மாற்றப்பட்டது என்.பி.ஏ. வரலாற்றில் அதுதான் முதல் முறை.

அந்த வீரர் வில்ட் சேம்பர்லின். ஒரே ஆட்டத்தில் 100 பாயின்ட் அடித்தவர் என்று கூடைப்பந்து அதிகம் பார்க்காதவர்கள்கூட கேள்விப்பட்டிருப்பார்கள். ஆனால் அந்த 100-ஐவிட சுவாரசியமான கணக்கு ஒன்று அவர் வாழ்க்கையில் இருக்கிறது. அவர் இரண்டு முறை ட்ரேட் செய்யப்பட்டார். இரண்டு முறையும் வாங்கிய அணி கோப்பையைத் தூக்கியது. ஆனால் உடனே இல்லை. அவர் பாயின்ட் அடிப்பதைக் குறைத்துக்கொண்ட பிறகுதான். கொடுத்த இரண்டு அணிகளில் ஒன்று பிழைத்துக்கொண்டது, இன்னொன்று பாதாளத்துக்கே போனது.

ட்ரேட் என்றால் என்ன?

ஐ.பி.எல். பார்த்துப் பழகியவர்களுக்கு ஏலம் தெரியும். என்.பி.ஏ.வில் ஏலமே கிடையாது. கல்லூரியில் இருந்து வரும் புது வீரர்களை டிராஃப்ட் என்ற முறையில் அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும். அதற்குப் பிறகு ஒரு வீரர் இன்னொரு அணிக்குப் போவதற்கு முக்கியமான வழி ட்ரேட். வீரருக்கு வீரர், வீரருக்குப் பணம், வீரருக்கு வருங்கால டிராஃப்ட் வாய்ப்பு என்று எதை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்.

இன்று இதற்குச் சம்பள உச்சவரம்பு, இரண்டு பக்கச் சம்பளமும் பொருந்தவேண்டும் என்று ஏகப்பட்ட விதிகள் உண்டு. 1960-களில் அதெல்லாம் இல்லை. அதைவிட முக்கியம், வீரருக்கு வாயே இல்லை. ஒப்பந்தம் முடிந்தாலும் அவருடைய உரிமை பழைய அணியிடம்தான் இருக்கும். ஓனர் நினைத்தால் வைத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் கைமாற்றிவிடலாம். லீக்கின் மிகப்பெரிய நட்சத்திரத்துக்கும் இதே கதிதான்.

ஃபிலடெல்பியா பையன்

சேம்பர்லின் பிறந்தது 1936 ஆகஸ்ட் 21, ஃபிலடெல்பியாவில். பெரிய குடும்பம், வசதி கிடையாது. அம்மா வீட்டு வேலைக்குப் போனவர். பையன் வளர்ந்தான், வளர்ந்தான், ஏழடி ஓரங்குலத்தில் போய் நின்றான். வெறும் உயரம் மட்டும் இல்லை. பள்ளியிலேயே ஓட்டம், உயரம் தாண்டுதல் என்று தடகளத்திலும் ஆள் கில்லி. ஓவர்புரூக் உயர்நிலைப் பள்ளியில் அவர் ஆடிய காலத்திலேயே நாடு முழுக்கக் கல்லூரிகள் வலைவீச ஆரம்பித்துவிட்டன.

உள்ளூர் என்.பி.ஏ. அணியான ஃபிலடெல்பியா வாரியர்ஸின் எட்டி காட்லிப் இன்னும் கெட்டிக்காரர். உள்ளூர் வீரர் மேல் உள்ளூர் அணிக்கு முன்னுரிமை தரும் விதி ஒன்று அப்போது இருந்தது. அதை வைத்து, பையன் பள்ளியை முடித்த 1955-லேயே அவர் மேல் துண்டு போட்டு வைத்துவிட்டார்.

சேம்பர்லின் கான்சாஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1957 தேசியக் கல்லூரி ஃபைனலில் மூன்று முறை கூடுதல் நேரம் போய், வட கரோலினாவிடம் 54-53 என்று ஒரே ஒரு பாயின்டில் தோற்றார். பெரிய ஆட்டத்தில் தோற்பவர் என்ற முத்திரை அன்றைக்கு விழுந்தது, அடுத்த பத்து வருஷம் போகவில்லை. ஒரு வருஷம் முன்னதாகவே கல்லூரியை விட்டவர், விதிப்படி என்.பி.ஏ.வில் நுழைய முடியாததால் ஹார்லெம் குளோப்டிராட்டர்ஸ் என்ற வேடிக்கைக் கூடைப்பந்துக் குழுவில் ஒரு வருஷம் ஊர் ஊராகச் சுற்றினார். அந்தக் குழு மாஸ்கோ வரைக்கும் போய் ஆடியது.

1959-இல் வாரியர்ஸுக்கு வந்தார். முதல் சீசனிலேயே ஆட்டத்துக்குச் சராசரி 37.6 பாயின்ட், 27 ரீபவுண்ட். சிறந்த புதுமுகம், எம்.வி.பி. இரண்டு விருதும் அவருக்கே.

1961-62 சீசனில் அவர் அடித்த சராசரி 50.4 பாயின்ட். ஆட்டத்துக்கு 48.5 நிமிடம் ஆடினார். ஆட்டமே 48 நிமிடம்தானே என்று கேட்கலாம். கூடுதல் நேரத்தையும் சேர்த்தால் வரும் கணக்கு அது. அதாவது ஏறக்குறைய உட்காரவே இல்லை. 1962 மார்ச் 2-ஆம் தேதி ஹெர்ஷி என்ற சின்ன ஊரில் நியூயார்க் நிக்ஸுக்கு எதிராக அந்த 100 பாயின்ட் வந்தது. நேரில் பார்த்தவர்கள் 4,124 பேர்தான். அன்று அவரைத் தடுக்க நிறுத்தப்பட்ட நிக்ஸ் சென்டரின் பெயரைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: டேரல் இம்ஹாஃப். ஃபவுல் மேல் ஃபவுல் வாங்கி, ஆட்டம் முடியும் முன்பே வெளியே போனார்.

இவ்வளவு அடித்தும் அந்த வருஷம் வாரியர்ஸ் ஃபைனலுக்குக்கூடப் போகவில்லை. பாஸ்டன் செல்டிக்ஸிடம் ஏழாவது ஆட்டத்தில் 2 பாயின்டில் தோற்றது.

எதிரில் நின்றவரும் ஒரு ட்ரேடில் வந்தவர்தான்

செல்டிக்ஸின் சென்டர் பில் ரஸ்ஸல். சேம்பர்லினின் வாழ்க்கையை அவர் இல்லாமல் சொல்ல முடியாது. ரஸ்ஸல் பாஸ்டனுக்கு வந்த கதையும் ஒரு ட்ரேட் கதை. 1956 டிராஃப்டில் இரண்டாவது வாய்ப்பு செயின்ட் லூயிஸ் ஹாக்ஸிடம் இருந்தது. செல்டிக்ஸ் கோச் ரெட் ஆர்பேக், நட்சத்திர வீரர் எட் மெக்காலியையும், கிளிஃப் ஹேகன் மேல் இருந்த உரிமையையும் கொடுத்துவிட்டு அந்த வாய்ப்பை வாங்கினார். ரஸ்ஸல் வந்தார். ஆடிய 13 சீசனில் 11 கோப்பை.

ஹாக்ஸ் ஏமாந்துபோனது என்று சொல்வார்கள். முழுக்க அப்படிச் சொல்ல முடியாது. வாங்கிய இருவரையும் வைத்து 1958-இல் அதே செல்டிக்ஸை ஃபைனலில் வீழ்த்தி கோப்பை வாங்கியது. ஆனால் இன்று அட்லாண்டாவில் இருக்கும் அந்த அணிக்கு அதற்குப் பிறகு ஒரு கோப்பைகூட இல்லை.

முதல் ட்ரேட்: 1965

1962-இல் காட்லிப் வாரியர்ஸை 8.5 லட்சம் டாலருக்கு விற்றார். அணி மேற்குக் கரையில் சான்ஃபிரான்சிஸ்கோவுக்குக் குடிபெயர்ந்தது, சேம்பர்லினும் கூடவே போனார். 1964-இல் கோச் அலெக்ஸ் ஹானம் அணியை ஃபைனல் வரை கூட்டிப்போனார். அங்கேயும் செல்டிக்ஸ், அங்கேயும் தோல்வி, 4-1.

அடுத்த சீசன் சனியன் பிடித்த மாதிரி தொடங்கியது. சேம்பர்லினுக்குக் கணையத்தில் பிரச்சினை, ஆரம்ப ஆட்டங்களுக்கு வரமுடியவில்லை. அணி தோற்றுக்கொண்டே இருந்தது. கூட்டமும் வரவில்லை. அவர் சம்பளமோ லீக்கிலேயே பெரிய சம்பளம். அணியில் நேட் தர்மண்ட் என்ற இளம் சென்டர் வேறு, தனக்குச் சொந்தமான இடத்தில் ஆட முடியாமல் ஓரமாக நின்றுகொண்டிருந்தார்.

1965 ஜனவரியில் செயின்ட் லூயிஸில் ஆல்-ஸ்டார் ஆட்டம். அந்தச் சந்தடியிலேயே பேரம் முடிந்தது. காட்லிப்பின் அணி போன பிறகு ஃபிலடெல்பியாவுக்கு வந்திருந்த புது அணி சிக்ஸர்ஸ். கோனி டியர்க்கிங், பால் நியூமன், லீ ஷாஃபர் என்ற மூன்று வீரர்களையும் ஒன்றரை லட்சம் டாலரையும் கொடுத்து சேம்பர்லினை வாங்கியது. இதில் ஷாஃபர், வாரியர்ஸ் பக்கம் வரவே இல்லை. ஆட்டத்தையே விட்டுவிட்டார். ஆக, லீக்கின் நம்பர் ஒன் ஸ்கோரருக்கு வாரியர்ஸ் வாங்கியது இரண்டு சாதாரண வீரர்களும் கொஞ்சம் பணமும்தான்.

சேம்பர்லினைச் சொந்த ஊருக்குத் திரும்ப வைத்தவர், சிக்ஸர்ஸின் பங்கு ஓனரும் அவருடைய நெருங்கிய நண்பருமான வழக்கறிஞர் ஐக் ரிச்மன்.

அந்த சீசனை வாரியர்ஸ் 17 வெற்றி, 63 தோல்வி என்று முடித்தது. படுதோல்விதான். ஆனால் அந்தப் படுதோல்வியே வரமாக மாறியது. கடைசியில் நின்ற அணிக்கு டிராஃப்டில் முன்னுரிமை. 1965-இல் முதல் இரண்டு வாய்ப்பும் வாரியர்ஸுக்கே வந்தன. இரண்டாவது வாய்ப்பில் எடுத்தவர் ரிக் பாரி. தர்மண்டுக்கும் அவருடைய இடம் கிடைத்தது. இரண்டே வருஷம், 1967-இல் வாரியர்ஸ் மறுபடியும் ஃபைனலில். அந்த சீசனில் லீக்கிலேயே அதிக சராசரி பாரிக்கு, 35.6. தொடர்ந்து ஏழு சீசன் அந்த இடத்தில் இருந்த சேம்பர்லினைக் கீழே இறக்கியவர் அவர்தான்.

குறைத்து அடி

சிக்ஸர்ஸ் பக்கம் என்ன நடந்தது? பணம் போட்ட உடனே பழம் விழவில்லை. 1965 ஏப்ரலில் செல்டிக்ஸுடன் ஏழாவது ஆட்டம். 110-109. கடைசி சில விநாடிகள், பந்து சிக்ஸர்ஸ் கையில். ஹால் கிரியர் உள்ளே எறிந்த பந்தை ஜான் ஹாவ்லிசெக் தட்டிப் பறித்தார். கதை முடிந்தது. சேம்பர்லின் அன்று 30 பாயின்ட், 32 ரீபவுண்ட். 1966-இலும் செல்டிக்ஸிடமே தோல்வி. நடுவில், 1965 டிசம்பரில், பாஸ்டனில் ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே மைதான ஓரத்தில் ரிச்மன் மாரடைப்பில் இறந்துபோனார்.

1966-இல் ஹானம் சிக்ஸர்ஸுக்கு கோச்சாக வந்தார். சான்ஃபிரான்சிஸ்கோவிலேயே சேம்பர்லினைத் தெரிந்தவர், முகத்துக்கு நேரே பேசப் பயப்படாதவர். அவர் கேட்டது ஒன்றுதான். சுற்றி கிரியர், செட் வாக்கர், பில்லி கன்னிங்ஹாம், லூக் ஜாக்சன், வாலி ஜோன்ஸ் என்று அடிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். எல்லாப் பந்தையும் நீயே அடிக்காதே, பாஸ் கொடு.

உலகத்திலேயே அதிகம் அடிப்பவரிடம் போய் அடிக்காதே என்பது லேசான விஷயம் இல்லை. சேம்பர்லின் கேட்டார். அந்த சீசனில் அவருடைய சராசரி 24.1 பாயின்ட், அதாவது ஐந்து வருஷத்துக்கு முன் இருந்ததில் பாதிகூட இல்லை. ஆனால் எறிந்ததில் 68 சதவீதத்துக்கு மேல் கூடைக்குள். ஆட்டத்துக்கு 7.8 அசிஸ்ட். அணி 68 வெற்றி, 13 தோல்வி, அன்றைய தேதிக்கு என்.பி.ஏ.வின் சாதனை. தொடர்ந்து எட்டு கோப்பை வாங்கியிருந்த செல்டிக்ஸை 4-1 என்று வெளியேற்றியது. கடைசி ஆட்டத்தில் சேம்பர்லின் 29 பாயின்ட், 36 ரீபவுண்ட், 13 அசிஸ்ட்.

ஃபைனலில் எதிரே வந்தது யார்? வாரியர்ஸ். அவரை விற்ற அதே அணி, அவர் போனதால் கிடைத்த வீரர்களோடு. சிக்ஸர்ஸ் 4-2 என்று வென்றது. ஒரே ட்ரேட், இரண்டு பக்கமும் இரண்டே வருஷத்தில் ஃபைனல். இப்படி அமைவது அபூர்வம்.

இரண்டாவது ட்ரேட்: இந்தமுறை அவரே கேட்டது

1967-68 சீசனில் பாஸ் கொடுப்பதிலேயே ஆள் வெறியாகிவிட்டார். ஒரு சென்டர், மொத்த அசிஸ்டில் லீக்கிலேயே முதலிடம். ஆனால் செல்டிக்ஸுக்கு எதிராக 3-1 என்று முன்னால் இருந்த சிக்ஸர்ஸ் அடுத்த மூன்று ஆட்டத்தையும் கோட்டைவிட்டது. ஏழாவது ஆட்டத்தின் இரண்டாம் பாதியில் சேம்பர்லின் கூடையை நோக்கி எறிந்தது இரண்டே முறை. அதிகம் அடித்தால் சுயநலம், அடிக்காவிட்டால் ஒளிந்துகொண்டார் என்று அவர்மேல் எப்போதும் ஒரு பழி தயாராக இருக்கும். அந்தத் தொடர் நடந்த சூழலையும் மறக்கக் கூடாது. மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக்கொல்லப்பட்ட மறுநாள்தான் முதல் ஆட்டம்.

ஹானம் போய்விட்டார். அணியில் பங்கு தருவதாக ரிச்மன் தனக்கு வாக்குக் கொடுத்திருந்தார் என்று சேம்பர்லின் சொல்லிவந்தார். எழுத்தில் எதுவும் இல்லை. இன்னொரு ஓனரான இர்வ் காஸ்லோஃப் அதை ஏற்கவில்லை. மனம் கசந்தவர் ட்ரேட் கேட்டார். வீரருக்கு வாயில்லாத காலத்தில், வாய் இருந்த ஒரு சிலரில் இவர் ஒருவர்.

லேக்கர்ஸ் ஓனர் ஜாக் கென்ட் குக், வருஷத்துக்கு இரண்டரை லட்சம் டாலர் தரத் தயாராக இருந்தார். ஜெர்ரி வெஸ்ட், எல்ஜின் பெய்லர் ஏற்கெனவே அங்கே. பதிலுக்கு ஃபிலடெல்பியா போன மூவரில் ஒருவர், ஹெர்ஷியில் அந்த 100-ஐ வாங்கிக்கட்டிக்கொண்ட அதே இம்ஹாஃப். இன்னொருவரான சேம்பர்ஸ் அப்போது ராணுவப் பணியில் இருந்தார். சிக்ஸர்ஸுக்காக ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை.

சிக்ஸர்ஸ் அடுத்த சீசனில் 55 ஆட்டம் வென்றது. பரவாயில்லையே என்று தோன்றியிருக்கும். சரிவு மெதுவாகத்தான் வந்தது. 1969-இல் வாக்கரை சிகாகோவுக்குக் கொடுத்தார்கள். இம்ஹாஃப் போனார், 1971-இல் கிளார்க்கும் போனார். 1972-73 சீசனில் 9 வெற்றி, 73 தோல்வி. 82 ஆட்ட சீசனில் அதைவிட மோசமான கணக்கு இன்றுவரை இல்லை. கிளார்க்கைக் கொடுத்து வாங்கிய கெவின் லாஹ்ரிதான் அந்த சீசனின் நடுவில் கோச் பொறுப்பையும் சுமந்தார். 1968 ட்ரேட் மட்டுமே காரணம் என்றால் அது நியாயம் இல்லை. கைக்கு வந்ததைக் கொண்டு அடுத்தடுத்து செய்த ட்ரேட்களும் சேர்ந்துதான் குழிதோண்டின. வாரியர்ஸிடம் ஒரு தர்மண்ட் காத்திருந்தார், பாரி கிடைத்தார். சிக்ஸர்ஸிடம் அப்படி யாரும் இல்லை.

பலூன்களும் 33-ம்

லேக்கர்ஸிலும் முதல் வருஷம் கைகூடவில்லை. கோச் புட்ச் வான் பிரெடா கோல்ஃபுக்கும் சேம்பர்லினுக்கும் ஒத்துப்போகவே இல்லை. சேம்பர்லின் கூடைக்கு அருகில் நின்றால் பெய்லர் உள்ளே புகுந்து அடிக்க இடம் இருக்காது. மூன்று பெரிய நட்சத்திரங்களைச் சேர்த்துவிட்டால் போதும் என்று நினைக்கும் ஓனர்களுக்கு இன்றைக்கும் வரும் தலைவலிதான் இது.

1969 ஃபைனல் ஏழாவது ஆட்டம். வெற்றி உறுதி என்று குக் அரங்கத்தின் கூரையில் ஆயிரக்கணக்கான பலூன்களைக் கட்டிவைத்தார். செல்டிக்ஸ் 108-106 என்று வென்றது, பலூன் கீழே விழவே இல்லை. கடைசி நிமிடங்களில் முழங்கால் அடிபட்டு வெளியே வந்த சேம்பர்லின் திரும்ப உள்ளே போகக் கேட்டும் கோச் விடவில்லை. அந்த முழங்கால் விஷயத்தில் ரஸ்ஸல் பின்னர் பொதுவெளியில் குறைசொல்ல, பண்டிகை நாளில் ஒரே வீட்டில் சாப்பிட்ட இரண்டு நண்பர்கள் பல வருஷம் பேசிக்கொள்ளவே இல்லை.

1970 ஃபைனலிலும் ஏழாவது ஆட்டத்தில் தோல்வி, இம்முறை நிக்ஸிடம். ட்ரேட் நடந்து மூன்று சீசன் ஆகியும் கோப்பை இல்லை.

1971-இல் பில் ஷார்மன் கோச்சாக வந்தார், செல்டிக்ஸின் பழைய வீரர். ஆட்ட நாளன்று காலையிலேயே பயிற்சி என்று ஒரு பழக்கத்தைக் கொண்டுவந்தார். காலையில் எழுந்திருப்பதே பிடிக்காத சேம்பர்லின் அதற்கும் ஒத்துக்கொண்டார். ரீபவுண்ட் எடு, தடு, பந்தை ஓடுபவனுக்கு எறி. அவ்வளவுதான் வேலை. வெஸ்டும் கெயில் குட்ரிச்சும் ஓடி அடிப்பார்கள்.

சீசன் தொடங்கிய சில நாட்களில் காயத்தால் பெய்லர் ஓய்வு அறிவித்தார். 1971 நவம்பர் 5-ஆம் தேதி ஒரு வெற்றி வந்தது. அதற்குப் பிறகு அணி தோற்கவே இல்லை. ஜனவரி 9-ஆம் தேதி மில்வாக்கி பக்ஸ் நிறுத்தும்வரை தொடர்ச்சியாக 33 வெற்றி. இன்னும் யாரும் தொடாத என்.பி.ஏ. சாதனை. அந்த சீசனில் சேம்பர்லினின் சராசரி 14.8 பாயின்ட். ஒரு காலத்தில் அவர் கால் மணி நேரத்தில் அடித்தது. ரீபவுண்ட் மட்டும் 19.2, லீக்கிலேயே அதிகம்.

நிக்ஸுடனான ஃபைனலில் நான்காவது ஆட்டத்தில் விழுந்து கையில் பலமான அடி. ஐந்தாவது ஆட்டத்துக்குக் கையில் கட்டோடு வந்தார். 24 பாயின்ட், 29 ரீபவுண்ட். லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் குடிவந்து 12 வருஷம் கழித்து லேக்கர்ஸ் வாங்கிய முதல் கோப்பை அது. ஃபைனலின் எம்.வி.பி. சேம்பர்லின்.

போக விடாத ஒப்பந்தம்

1973-இல் போட்டி லீக்கான ஏ.பி.ஏ.வின் சான்டியாகோ அணி அவரை வீரராகவும் கோச்சாகவும் அழைத்தது. பெரிய சம்பளம். லேக்கர்ஸ் சட்டப்படி தடுத்தது. ஒப்பந்தத்தில் இன்னும் ஒரு வருஷம் தங்களுக்குப் பாக்கி என்றது. ஆடத் தடை வந்தது, கோச்சாக இருக்கலாம் என்றானது. ஒரு சீசன் கோட் சூட்டோடு ஓரத்தில் உட்கார்ந்துவிட்டு வெளியேறினார். வயது 37. அதே காலத்தில் ஆஸ்கர் ராபர்ட்சன் தலைமையில் வீரர்கள் சங்கம் இந்த உரிமை முறைக்கு எதிராகத் தொடுத்த வழக்கு நடந்துகொண்டிருந்தது. 1976-இல் சமரசத்தில் முடிந்து, வீரர்கள் அணி மாறக் கொஞ்சம் கதவு திறந்தது. சேம்பர்லினுக்கு அது பயன்படவில்லை.

பிறகு வாலிபால் ஆடினார், 1984-இல் ஹாலிவுட்டில் கோனன் தி டெஸ்ட்ராயர் படத்தில் நடித்தார், ரஸ்ஸலோடு மறுபடியும் பேசத் தொடங்கினார். 1999 அக்டோபர் 12-ஆம் தேதி லாஸ் ஏஞ்சல்ஸ் வீட்டில் இதயக் கோளாறால் இறந்தார். வயது 63. கணக்கில் 31,419 பாயின்ட், 23,924 ரீபவுண்ட், இரண்டு கோப்பை.

அவர் அணிந்த 13-ஆம் எண்ணை இனி யாருக்கும் தருவதில்லை என்று லேக்கர்ஸ் 1983-இல் முடிவெடுத்தது, சிக்ஸர்ஸ் 1991-இல். அவரை முதலில் எடுத்து, முதலில் விற்ற வாரியர்ஸ் அதே மரியாதையைச் செய்தபோது 1999 டிசம்பர் ஆகியிருந்தது.